பலகைச் சுவரில் மூன்று தட்டு

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முனியசாமி வந்தார். ஒரு கையில் மடித்த அட்டைப்பெட்டி, இன்னொரு கையில் பழுப்பு டேப், தோளில் சுருட்டிய கம்பளி. மூன்றாம் மாடி ஃபிளாட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிட்டால்தான் வருவேன் என்பதுபோல நின்றார். ஒரு மாதத்துக்கு முன்புவரை அதே வாசலில் சாவியோடு வந்து போனவர்.

"வாங்கண்ணே," என்றாள் ஹிஃப்ஸா. அவர் காலைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

துபாய் அல் குசைஸில் அந்த ஃபிளாட்டின் ஹாலைப் பலகை அடித்து இரண்டு அறைகளாக்கியிருந்தார்கள். ஏசிக் காற்று இரண்டு பக்கமும் போகவேண்டும் என்பதற்காகப் பலகைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். ஒரு பக்கம் ஹிஃப்ஸாவும் அவள் கணவன் ஜாபர் சாதிக்கும். மறுபக்கம் முனியசாமியும் அவர் மனைவி சுந்தராம்பாளும் இருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு ஜன்னல் கிடையாது. உச்சி வெயிலிலும் உள்ளே கையைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம் சுந்தராம்பாள் அந்த அறையில் தனியாக இருந்தபோது நெஞ்சு வலித்து இறந்துபோனாள். பிறகு முனியசாமி கம்பெனி ஆட்கள் சேர்ந்து தங்கும் கேம்புக்குப் போய்விட்டார். அந்த அறைக்கு வேறு ஆள் வரவில்லை. ஃபிளாட்டை எடுத்து நடத்தும் அஸ்மத் பீவி அதில் காலி சூட்கேஸ்களைப் போட்டு வைத்திருந்தாள்.

அன்று இரவு விமானம். ஹிஃப்ஸாவும் ஜாபரும் இரண்டு மாத லீவில் கீழக்கரை போகிறார்கள். திரும்பி வரும்வரை அவர்கள் பக்கத்தில் வேறு ஆள் தங்குவதால், அவர்களுடைய இருபத்தோரு இஞ்ச் டிவி அந்தக் காலி அறையில்தான் இருக்கப்போகிறது.

முனியசாமிக்குக் கார்கோ கம்பெனியில் பேக்கிங் வேலை. அவரைவிட நன்றாகக் கட்டுகிற ஆள் துபாயிலேயே கிடையாது என்று ஜாபர்தான் கூப்பிட்டுவிட்டான். வேண்டாம் மச்சான், நாமளே கட்டிக்கலாம் என்று அவள் மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டான். வாய்விட்டுச் சொல்லும்படியான காரணம் அவளிடம் இல்லை.

"என்னண்ணே, பாதியாப் போயிட்டீங்க?" என்றான் ஜாபர். "கேம்பு சாப்பாடு ஒத்துக்கலையா?"

"நல்ல சாப்பாடுதான் தம்பி. பருப்புக் குழம்புல பருப்பு எங்கன்னு தேடுறதுக்குள்ள டூட்டிக்கு நேரமாயிருது." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு டிவியைப் பார்த்தார். "அட, இன்னும் ஓடுதே! அமத்துங்க. சூட்டோட கட்டினா உள்ள வேர்த்து, போர்டெல்லாம் பூத்துப்போகும். அரை மணி நேரமாச்சும் ஆறணும்."

ஜாபர் பிளக்கைப் பிடுங்கினான். திரை கறுத்தது. உள்ளிருந்து படபடவென்று மெல்லிய சத்தம் வந்தது. ஹிஃப்ஸா ஒரு அடி பின்னால் போனாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி. படக்குழாய்ல மிச்சக் கரண்டு நிக்கும். அது அடங்குற சத்தம்."

ஜாபர் குளித்து, ஜும்மாவுக்குக் கிளம்பினான். "அண்ணனுக்கு டீ போட்டுக் கொடு புள்ள," என்று சொல்லிவிட்டுப் போனான். அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. எதிரே அடுப்படியில் அஸ்மத் பீவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

முனியசாமி வயரை அளவாகச் சுருட்டி நூலால் கட்டினார். ரிமோட்டைத் திறந்து பேட்டரிகளை வெளியே எடுத்தார். "இத உள்ளயே விட்டா ரெண்டு மாசத்துல ஒழுகிப்போகும்." பிறகு உலர்ந்த துணியால் டிவியின் தலையைத் துடைத்தார். குழந்தைக்குத் துவட்டுவதுபோல இருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

அவளுக்குத் தெரியும், என்ன கேட்பார் என்று.

"முன்னாடியே கேட்டதுதான். அன்னைக்கு அவ சத்தம் எதுவும் போடலையில்ல?"

"நான்... தூங்கிட்டேண்ணே."

"அதான், அதான். ஊர்ல அவ ஆத்தா கேட்டுச்சு, பக்கத்துல ஒருத்தருமே இல்லையான்னு. கீழக்கரப் புள்ள ஒண்ணு இருந்துச்சு ஆத்தா, பாவம் தூங்கிருச்சு, முழிச்சிருந்தா ஓடி வந்திருக்கும்னு சொன்னேன்." துணியை உதறி மடித்தார். "எத்தனையோ பேரு சாமான கட்டுறேன். ஊருக்கு அனுப்பின அவ சவப்பெட்டிய மட்டும் என்னைத் தொட விடல. நல்லாக் கட்டினாங்களோ என்னமோ."

ஹிஃப்ஸாவின் காது மடல்கள் எரிந்தன. கால் கட்டைவிரலால் கார்பெட்டை நெருடிக்கொண்டே நின்றாள்.

அவள் தூங்கவில்லை.

சுந்தராம்பாள்தான் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவள். முனியசாமிக்கு நைட் டூட்டி வரும் வாரங்களில் அவர் பகலில் தூங்குவார். "டிவிய கொறைன்னு நான் கத்தினா, சண்டை போடுறோம்னு நெனைப்பாக புள்ள. பலகையில மூணு தட்டு தட்டுறேன். நீ கொறைச்சுக்க," என்று சொல்லியிருந்தாள். இரண்டு வருடமாக அப்படித்தான். மூன்று தட்டு கேட்டால் ஹிஃப்ஸா குறைப்பாள். வேறு எதற்கும் அவர்கள் பலகையைத் தட்டியதில்லை.

அந்த மத்தியானம் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு கேட்டது. அந்த வாரம் முனியசாமிக்குப் பகல் டூட்டி. தூங்க ஆளில்லாத அறைக்கு எதற்குக் குறைக்கவேண்டும்? வரவர இந்த அக்காவுக்கு அதிகாரம் கூடிப்போச்சு என்று நினைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

மறுபடி மூன்று தட்டு. இந்தத் தடவை அது பலகையின் அடியிலிருந்து, தரையை ஒட்டி வந்தது.

அவளுக்குத் தெரிந்தது. நிற்கிற மனுஷி அங்கே தட்டமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், எழுந்து போனால் தோற்றதுபோல ஆகும் என்று உட்கார்ந்திருந்தாள். திரையின் அடியில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கூடி ஓரம்வரை போயின. அதற்கு மேல் கூட்ட இடமில்லை. நாடகம் முடிந்து சத்தத்தைக் குறைத்தபோது அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த முனியசாமிதான் கதவைத் திறந்தார்.

"தங்கச்சி, இந்தக் கண்ணாடிய நீங்க துடைங்க. நான் பெட்டிய மடிக்கிறேன்."

துணியை வாங்கிக்கொண்டு திரைக்கு முன் மண்டியிட்டாள். கறுத்த கண்ணாடியில் அறை வளைந்து தெரிந்தது. அவள் முகம். பின்னால் குனிந்து பெட்டி மடிக்கும் முனியசாமி. திறந்த கதவு. பலகைச் சுவர்.

சுவரின் அடியில் யாரோ ஒருக்களித்துக் கிடந்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். கம்பளிச் சுருள் கிடந்தது. அதுதான், அதைத்தான் பார்த்தோம் என்று மூச்சை விட்டாள். மீண்டும் கண்ணாடியைப் பார்த்தபோது முனியசாமி கம்பளியை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

சுவரின் அடியில் இன்னும் கிடந்தது.

மீன் பொரியும் வாசனையைத் தாண்டி, டிவியின் முதுகுத் துளைகளிலிருந்து வேறொரு வாசனை வந்தது. தலைவலித் தைலம். சுந்தராம்பாள் எந்த வலிக்கும் அதைத்தான் தேய்ப்பாள். நெஞ்சுக்கும் தேய்த்திருப்பாள்.

ஹிஃப்ஸாவின் கை துணியோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. சொல்லிவிடவேண்டும். இன்றைக்கு விட்டால் இல்லை. பெட்டியை மூடுவதற்குள் சொல்லிவிடவேண்டும். இந்த மனிதர் ஊர் முழுக்க, ஓடி வந்திருக்கும் என்று அவளுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"அண்ணே," என்றாள். "நான் தூங்கல."

கறுத்த திரையின் அடியில் பச்சைக் கோடுகள் தோன்றின. ஓரம்வரை நிறைந்து நின்றன.

பிளக் சுவரில் இல்லை. சுருட்டிய வயர் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அவங்க தட்டினாங்கண்ணே. எனக்குக் கேட்டுச்சு."

கோடுகள் ஒன்றொன்றாகக் குறைய ஆரம்பித்தன.

"நான் சத்தத்தக் கூட்டி..."

பாதிக்கு வந்தன. அவள் குரல் அவள் காதுக்கே தூரத்து அறையில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். கத்துவது நெஞ்சில் தெரிந்தது. காதில் இல்லை.

கடைசிக் கோடும் போயிற்று.

முனியசாமி டேப்பை நீளமாக இழுத்துக்கொண்டே நிமிர்ந்தார். "என்ன தங்கச்சி? ஏதோ சொன்னீங்க. கேக்கலையே."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"டேப்பு சத்தத்துல கேக்க மாட்டேங்குது. சொல்லுங்க."

அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் நடந்ததை அவள் பிறகு எந்தத் தொழுகையிலும் நினைக்கத் துணியவில்லை. பயத்துக்கு அடியில், சின்னதாக, ஒரு நிம்மதி இருந்தது. சொல்லியாகிவிட்டது. கேட்காமல் போனது தன் குற்றம் இல்லையே.

முனியசாமி கம்பளியைத் திரையின் மேல் போர்த்தினார். "பிளாஸ்டிக்க நேராச் சுத்தக்கூடாது. கம்பளிதான் மூச்சு விடும்." கண்ணாடிப் பக்கத்தைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துத் தூக்கினார். "கனமெல்லாம் மூஞ்சியிலதான் இருக்கும். இப்படிக் கட்டிப் பிடிச்சுத் தூக்கினாத்தான் சாயாது." பெட்டிக்குள் இறக்கி, மூலைகளில் ஸ்பாஞ்சு சொருகி, மேலேயும் பக்கங்களிலும் டேப் ஒட்டினார். சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க தங்கச்சி. என் எழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும்."

அவள் மார்க்கரை வாங்கினாள். வெள்ளையாக, அகலமாக, பெட்டியின் பக்கம் காலியாக இருந்தது. நாலு வரி எழுத இடம் இருந்தது. குரல் இல்லாவிட்டால் என்ன, கை இருந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார், ஈரமான கண்களோடு, பொறுமையாக.

ஜாபர் சாதிக், கீழக்கரை என்று எழுதினாள்.

அவர் பெட்டியை அணைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். இருட்டில் எங்கே வைத்தார் என்று அவள் பார்க்கவில்லை. வெளியே வர வெகுநேரம் ஆனது.

ஊருக்கு வந்தும் குரல் வரவில்லை. பயணச் சூடு என்றார்கள். ராமநாதபுரத்து டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றும் இல்லை, நாளாக நாளாகச் சரியாகும் என்றார். ஜாபர் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிவந்தான். மாமியார் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். சோறு, தண்ணீர், தலைவலி என்று அதில் எழுதிக் காட்டினாள். வேறெதுவும் எழுதவில்லை.

ஆறாவது வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரம் துபாயிலிருந்து போன் வந்தது. ஜாபர் வெளியே போயிருந்தான். அவளே எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ, ஹிஃப்ஸாவா? அஸ்மத் லாத்தா பேசுறேன். நீ பேசமாட்டியாம், தெரியும். கேட்டா மட்டும் போதும்." அஸ்மத் பீவி குரலைத் தாழ்த்தினாள். "உன் டிவிய நீ எப்ப வந்து எடுப்ப? இந்த முனியசாமி வெள்ளிக்கிழமை தவறாம வர்றாரு புள்ள. அந்த ரூமுக்குள்ள போயி, பெட்டிக்குப் பக்கத்துல தரையில உக்காந்துக்கிறாரு. டீ கொடுத்தாலும் வேணாங்குறாரு. என்னண்ணே பண்றீங்கன்னு கேட்டா, தங்கச்சி பேசுது, கேட்டுக்கிட்டு இருக்கேங்குறாரு. உள்ள வயரு கூட மாட்டல புள்ள."

ஹிஃப்ஸா சுவரில் சாய்ந்தாள்.

"இப்பவும் உக்காந்திருக்காரு. இரு, நீயே கேளு. எனக்குத்தான் மண்டை கோளாறான்னு நீ சொல்லு."

நடக்கும் சத்தம். கதவு கிறீச்சிடும் சத்தம். ஒரு ஆண் மெதுவாக மூச்சு விடுவது. பிறகு கம்பளிக்கும் அட்டைக்கும் அடியிலிருந்து வருவதுபோல, அமுங்கிய ஒரு குரல். அது அவளுடைய குரல்.

"அண்ணே, நான் தூங்கல. அவங்க தட்டினாங்கண்ணே. எனக்குக் கேட்டுச்சு. நான் சத்தத்தக் கூட்டிட்டேன்."

பிறகு அதே பெட்டிக்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில், இன்னொரு பெண் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"கேக்கல புள்ள. இன்னும் சத்தமாச் சொல்லு."