கடல்வழிக் கதவு

பேருந்து அவர்களைக் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மயோர்க்கா தீவின் அந்தச் சின்ன வளைகுடாவில் வெளிநாட்டுக்காரர்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். கடை வாசலில் யாரோ மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கொலோமா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டு, கடலோரப் பாறையில் ஏறும் நடைபாதையில் காலை வைத்தாள். பையில் ரொட்டி, தண்ணீர், சங்கிலி வெட்டும் பெரிய கத்தரி.

"அண்ணி, மெதுவா. கதவு எங்கயும் ஓடிப்போகாது," என்றான் பின்னால் வந்த மசியா. அவள் கணவனின் தம்பி.

"அது ஓடாது. அதான் நான் போறேன்."

இரண்டு கோடைக்கு முன்னால், இதே ஆகஸ்ட் கடைசியில், இந்தப் பாதையில்தான் அவள் கணவன் கியெம் செத்தான். கடல் பக்கத்துப் பைன் காட்டில் தீப்பிடித்தது. காற்று அதைத் தூக்கி மலைமேல் எறிந்தது. கரையோரம் நடந்தவர்கள் தண்ணீரில் குதித்துத் தப்பித்தார்கள். கியெம் மேலே இருந்தான். அதனால் ஊர்ப் பக்கம் ஓடினான். அங்கே பண்ணைக்காரன் பாதையின் குறுக்கே போட்ட இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. இரு பக்கமும் செங்குத்துப் பாறை, கதவின் உச்சியில் முள்கம்பி. கியெமை அதன் அடியில்தான் எடுத்தார்கள். இரண்டு கையும் கம்பியைப் பற்றியபடி.

காலங்காலமாக ஊர் நடந்த பாதை அது. அதில் 'அனுமதியில்லை' என்று ஒரு பலகை, ஒரு பூட்டு. வழக்கு நடந்தது. பண்ணைக் காவல்காரன் தமியா, கதவைத் தட்டிய சத்தம் எதுவும் தனக்குக் கேட்கவில்லை என்று சாட்சி சொன்னான். பண்ணைக்காரன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனான். தீர்ப்பு வந்தது: யார்மேலும் குற்றமில்லை. அங்கே கூட்டமாக நடைப்பயணம் போகும் நடைக்குழுக்காரர்கள் அபராதத்துக்குப் பயந்து வேறு பாதைக்கு மாறிக்கொண்டார்கள்.

கொலோமா மாறவில்லை. கோபத்தைத் தின்று, கோபத்தைக் குடித்துத்தான் அவள் இத்தனை நாள் உயிரோடு இருந்தாள்.

பாதை கடலை விட்டு உள்ளே திரும்பியதும் காற்று நின்றுபோனது. எரிந்த பைன் மரங்கள் கரிக்கோல்களாக நின்றன. அவற்றின் காலடியில் புதர் மட்டும் வெட்கமில்லாமல் பச்சை விட்டிருந்தது. சில்வண்டுகள் காது கிழியக் கத்தின.

"வெட்டிட்டு என்ன பண்றது? நாளைக்கே புதுப் பூட்டு போடுவான்," என்றான் மசியா.

"நாளன்னைக்கும் வெட்டுவேன்."

"புடிச்சு உள்ள வச்சா?"

"நீ ரொட்டி கொண்டுவந்து குடு. வாய மூடிட்டு நட."

மசியா சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

சில்வண்டுகள் ஓய்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

பிறகு அந்த வாசனை வந்தது. பிசின் கருகும் வாசனை. கொலோமா நாலா பக்கமும் பார்த்தாள். வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது. எங்கேயும் புகை இல்லை.

அடுத்த வளைவில் கதவு தெரிந்தது.

அதில் பூட்டு இல்லை. சங்கிலியும் இல்லை. தாழ்ப்பாள்கூடக் கழற்றப்பட்டிருந்தது. கொலோமா கத்தரியைக் கையில் பிடித்தபடி முட்டாளைப்போல் நின்றாள். மசியா கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோள் கொடுத்து முட்டினான்.

"உள்ள யாரோ புடிச்சிருக்க மாதிரி இருக்கு, அண்ணி."

"தட்டாதீங்க!"

கதவுக்கு அப்பால், சற்றுத் தள்ளி ஓர் ஆலிவ் மரத்தடியில் காவல்காரன் தமியா நின்றிருந்தான். கொலோமாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது எலும்பும் தோலுமாக இருந்தான்.

"கெஞ்சிக் கேக்கறேன், தட்டாதீங்க," என்றான் தணிந்த குரலில். "போன மழைக்காலத்துல நானே பூட்டக் கழட்டிப் போட்டுட்டேன். திறக்க மாட்டேங்குது. உச்சி வெயில் ஆனா தட்டுது. தினமும் தட்டுது, கொலோமா."

"தட்டுதா?" அவள் கம்பியருகே போனாள். "அன்னைக்கு எதுவும் கேக்கலன்னு சத்தியம் பண்ணியே! திடீர்னு காது வந்துடுச்சா?"

அவன் ஆலிவ் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுடா! கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு." அவன் தரையைப் பார்த்தான். "சாப்பிட்டுட்டு இருந்தோம். முதலாளி சொன்னாரு, நடக்கறவனுங்க வம்பு பண்றானுங்க, தட்டட்டும், கை வலிச்சா போயிடுவானுங்கன்னு. புகைய அப்புறம்தான் பாத்தேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் வெந்துகொண்டிருந்தபோது இவர்கள் ரொட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வா இங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வந்து உன் கையால திற. அன்னைக்குத் திறக்காத கையால."

மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவன்போல் தமியா வந்தான். கம்பியைத் தொட்டான்.

கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

அவன் நம்ப முடியாமல் ஓரடி வைத்தான். இன்னோர் அடி. கடல் பக்கம் வந்துவிட்டான்.

பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

முதலில் இருமினான். தொண்டையைச் செருமுகிறான் என்றுதான் மசியா நினைத்தான். பிறகு தமியா தன் சட்டைக் கழுத்தைப் பிய்த்தான். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. சுற்றிலும் தெளிந்த காற்று. கொலோமாவால் மூச்சு விட முடிந்தது. மசியாவால் முடிந்தது. அவனால் மட்டும் முடியவில்லை.

"புகை..." என்றான். "புகை..."

திரும்பிக் கம்பியைப் பிடித்தான். தோல் பொரியும் சத்தம் கேட்டது. கையை எடுக்க முடியாமல் அலறினான். நெற்றியால் கதவை முட்டினான்.

டங். டங். டங்.

மசியா ஓடிப்போய் இழுத்தான். பாறையை இழுப்பதுபோல் இருந்தது.

"அண்ணி, அண்ணன்தான் இது! நீங்க சொன்னா கேப்பாரு. சொல்லுங்க அண்ணி!"

அவள் சொல்லவில்லை.

அவள் உள்ளே ஒன்று குளிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக இல்லாத நிம்மதி. இன்னும் கொஞ்சம், என்றது. இன்னும் கொஞ்சம் தட்டட்டும். கை வலிக்கட்டும்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பண்ணைக்காரன் சாப்பாட்டு மேசையில் சொன்ன சொற்கள். இப்போது அவள் வாயருகே நின்றன.

"விட்டுடு, கியெம்," என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"நான்தான். கொலோமா. விட்டுடு."

கம்பிக்கு அப்பாலிருந்து ஒரு சூடான மூச்சு அவள் முகத்தில் பட்டது. அது விடவில்லை. அவள் மனசுக்குள் இருப்பது அதற்குத் தெரிந்திருந்தது. தமியாவின் முழங்கால் மடிந்தது. தட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

கொலோமா கத்தரியைக் கீழே போட்டாள். போய், தமியாவின் கைகள்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்துக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். சூடு எலும்புவரை இறங்கியது. எடுக்கவில்லை. "என்னையும் சேத்துப் புடிச்சிருக்க, பாரு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "போதும்யா. திற."

கதவு திறந்தது.

ஊர் மருத்துவமனையில் டாக்டரம்மா தமியாவின் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தீ எங்க பிடிச்சுது?" என்று கேட்டாள். உள்ளே கரி அப்பியிருந்தது. பேச்சு திரும்பியதும் தமியா போலீசை வரவழைத்து, தான் கேட்டதையும் முதலாளி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். வழக்கு மறுபடி எழுந்தது. நடைக்குழுக்காரர்களுக்கும் வீரம் வந்து, ஊராட்சியின் உத்தரவோடு வந்து கதவைப் பெயர்த்தார்கள். அது பழைய இரும்பாக லாரியில் போனது.

மழை தொடங்கும் முன் நீதிபதி இடத்தைப் பார்வையிட வந்தாள். கொலோமா கட்டுப் பிரித்த கைகளோடு நின்றிருந்தாள். ஊரே நின்றது. கதவு இருந்த இடத்தில் இரு பாறைகளுக்கு நடுவே வெறும் இடைவெளி. எல்லோரும் அதன் வழியே கடல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பண்ணைக்காரன் கடைசியாக வந்தான், வக்கீலோடு போனில் பேசியபடியே. தன் நிலத்தின் எல்லையை நீதிபதிக்குக் காட்டுவதற்காக அவனும் கடல் பக்கம் போனான். பேசிக்கொண்டே திரும்பினான்.

நின்றான்.

முன்னால் எதுவும் இல்லை. இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஊர் மொத்தமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அசட்டுச் சிரிப்போடு ஓரடி வைத்தான். நெஞ்சில் ஏதோ தடுத்ததுபோல் பின்வாங்கினான். போன் கையிலிருந்து விழுந்தது.

பிறகு இருமினான்.

மசியா மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தான். கொலோமா தன் தழும்பேறிய உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்ணைக்காரன் முஷ்டியை உயர்த்தி வெறும் காற்றில் ஓங்கி அடித்தான்.

இரும்பு அதிர்ந்தது.