நடுவில் ஆயிரம் அடி

டெலிபோன் அலறியது!

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் யாருக்கும் அதை எடுக்க நேரமில்லை. மதுரையில் பேய்மழை. அங்கே இறங்க வேண்டிய விமானங்களும் வல்லநாடு தாண்டியிருக்கும் இந்தச் சின்ன நிலையத்துக்கே வந்துவிட்டன.

மேலே நான்கு விமானங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமடித்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆயிரம் அடி. அந்த இடைவெளியைக் காப்பதுதான் செல்வமணியின் வேலை.

பயிற்சியில் இருக்கும் ஃபிளோரா போனை எடுத்தாள். முகம் வெளுத்தது.

"சார்... பாளையங்கோட்டை போலீஸ்!"

ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர் வன்னியராஜ் பேசுதேன். செல்வமணி சார்தான? வீட்டுக்கு அடிச்சேன், டூட்டியில இருக்கியன்னாங்க. முத்துராணி ஒங்க தங்கச்சியா?"

"ஆமா."

"மனசைத் திடப்படுத்திக்கிடுங்க சார்... வீட்டுல வச்சு யாரோ கழுத்தை நெரிச்சிருக்கான். உயிர் இல்ல."

செல்வமணிக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை! உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போனது. விரல் மட்டும் மைக்கை அழுத்தியது. முதல் விமானத்தை இறங்கச் சொன்னான்.

"சார், நீங்க கெளம்புங்க... நான் பாத்துக்கிடுதேன்."

"ஒனக்கு இன்னும் லைசென்ஸ் வரலம்மா. மாத்து ஆள் வராம நான் நவுர முடியாது. மேல ஐந்நூறு பேரு இருக்காங்க."

"லைன்ல இருக்கியளா சார்?" இன்ஸ்பெக்டர்.

"இருக்கேன். மொதல்ல பாத்தது யாரு?"

"ஒங்க மாப்ள நடராஜ்தான். சென்னையிலருந்து நாலு மணி பிளைட்ல வந்து இறங்கி, வீட்டுக்கு வந்து பாத்திருக்காரு. டிக்கெட்டைக் காட்டினாரு. பாவம், பொரண்டு அழுதாரு."

நாலு மணி பிளைட்!

செல்வமணி மைக்கில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சார்!" ஃபிளோரா கத்தினாள். "மூணாவதைக் கீழ எறங்கச் சொல்லிட்டிய! ரெண்டாவது அங்கனதான சுத்துது!"

ஆயிரம் அடி... எண்ணூறு... அறுநூறு!

"மூன்றாவது விமானம், உடனே மேலே ஏறுங்கள்!"

ஏறியது. ஃபிளோரா சிலுவை போட்டுக்கொண்டாள். செல்வமணியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்ஸ்பெக்டர், மாப்ளகிட்ட குடுங்க."

"மச்சான்! ஐயோ... போயிட்டாளே மச்சான்!"

"பிளைட்டு ரொம்ப ஆட்டிச்சோ மாப்ள?"

"இல்ல மச்சான், பூ மாதிரி வந்து இறங்குச்சு. டாக்ஸி புடிச்சு ஓடியாந்தா... ஐயோ! நீங்க வீட்டுலதான இருக்கிய? இன்னைக்கு லீவுன்னு முத்து சொன்னாளே?"

"லீவை மாத்திட்டாங்க மாப்ள. டவர்லதான் இருக்கேன்."

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது!

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கினார். "என்ன சார் சொன்னிய? மனுசன் குப்புன்னு வேர்த்து நிக்குதாரு!"

"அந்த நாலு மணி சென்னை பிளைட்டு இன்னும் இறங்கல சார். மதுரை மழையில எல்லாமே லேட்டு, வரிசை நின்னு போச்சு. கடைசியா, என் தலைக்கு மேலதான் சுத்திக்கிட்டு இருக்கு."

"அப்ப இவரு...?"

"டிக்கெட் எடுத்திருக்கான். ஏறல."

கண்ணாடிக்கு வெளியே முதல் விமானம் ஓடுபாதையைத் தொட்டது. செல்வமணி அதே மரத்துப்போன குரலில் இரண்டாவதை அழைத்தான். பிறகு போன் பக்கம் திரும்பினான்.

"நான் இறங்கச் சொல்லுததுக்கு முன்னாலயே எங்கன குதிச்சான்னு அவன்கிட்ட பைய கேளுங்க இன்ஸ்பெக்டர்!"