எழுபதுக்கு எழுபது

தேநீர் வைத்துவிட்டுப் போன பெண்ணின் முகம் ஞாபகம் வரவில்லை. போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, டம்ளரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கை ஞாபகம் இருந்தது, லேசாகச் சாய்ந்து நடந்த நடை ஞாபகம் இருந்தது, "சூடா இருக்கு, பாத்து" என்று சொன்ன குரல்கூட இருந்தது. முகம் மட்டும் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஒரு நாணயத்தின் கன்னத்தில் எந்தப் பக்கம் கீறல் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, இப்போது பார்த்த ஆளின் மூக்கு எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்குவதால் தொழிலில் எல்லாருக்கும் அவள் லென்ஸ் அக்கா. கோபம் வந்தால் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் விளக்கை இழுத்து வைத்தாள்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு இரும்புக் கதவு, கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. நாணயங்களின் சொந்தக்காரர் மென்மையான மனிதர், பேசும்போது கையைக் கட்டிக்கொள்வார். பன்னிரண்டு நாணயத்துக்கும் மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவைத் திறப்பேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். "இன்சூரன்ஸ்காரங்க ரூல் மேடம், தப்பா நினைக்காதீங்க." போனையும் வெளியே வாங்கி வைத்துக்கொண்டார். இதெல்லாம் அவளுக்குப் புதிது இல்லை. ஆனால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள், வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட், அதனால் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டது. பாப்பா ஹாலில், தேநீர் வைத்துவிட்டுப் போன அந்த வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து கிரயான் தீட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு மணி நேரம்தான்டா கண்ணு, அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

வேலை என்னவோ எளிதுதான். எல்லாம் வெள்ளி, எல்லாம் ஒரே வருஷம், பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண்ணின் தலை. ஒவ்வொன்றின் தரத்துக்கும் எழுபதுக்கு இத்தனை என்று எழுதவேண்டும், எழுபது என்றால் ஒரு குறையும் இல்லாதது. நாணயத்தில் எந்த இடம் உயரமோ அதுதான் முதலில் தேயும். மூக்கு நுனி, கன்னம், காதுக்கு மேலே இருக்கும் முடி. அந்த இடங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் போதும். ஓரத்தைத்தான் பிடிக்கவேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் தேய்த்துத் துடைக்கக்கூடாது. ஒருமுறை துடைத்த நாணயத்தை யாரும் சீந்தமாட்டார்கள். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேரை இதற்காக அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

பதினோரு நாணயங்கள் அநேகமாக அப்பழுக்கில்லாமல் இருந்தன, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று போட்டாள். சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான், ஆனால் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ் கம்பியைப் பிடித்த கையில் வருமே, அந்த உலோக வாடை அறை முழுக்க ஏறியிருந்தது. சுவருக்குப் பின்னால் ஏதோ மோட்டார் ஓடி ஓடி நின்றது. அது நிற்கும்போதெல்லாம் ஹாலில் கிரயான் காகிதத்தில் உரசுவது காதுக்குள் கேட்கிற மாதிரி இருந்தது. மூன்றாவதையும் ஏழாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒருத்திக்கு எடுப்பான மூக்கு, இன்னொருத்திக்குச் சப்பை மூக்கு. ஒன்பதாவது பெண்ணுக்குத் தாடை இரண்டாக மடிந்திருந்தது. ஒரே அச்சில் அடித்த நாணயங்களில் பதினோரு முகம் எப்படி வரும்?

பன்னிரண்டாவது மொழுக்கென்று தேய்ந்து கிடந்தது. தலை இருந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும். எடுத்தபோது கதகதவென்று இருந்தது.

"அந்தக் கடைசிய மட்டும் நிதானமா பாருங்க மேடம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார்.

காது இருந்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. அழுக்கா, கறையா என்று விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், தெரியவில்லை. அவள் கட்டைவிரல் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்தது. தேய்த்தாள். பதினாலு வருஷத்தில் முதல்முறை.

திட்டுக்கு அடியிலிருந்து ஒரு காது வந்தது.

அப்போதே அதைக் கீழே வைத்திருக்கவேண்டும். வெள்ளி தேயும், வளராது. இது அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனால் தேய்ந்துபோன முகம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு இந்தத் தொழிலில் யாரால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியும்? வாழ்நாளில் ஒருமுறைகூட அவள் எழுபது போட்டதில்லை. புத்தி கெட்டுப்போய் மறுபடி தேய்த்தாள். முடி வந்தது, இழை இழையாக. கன்னம் மேலே எழும்பியது. பார்க்கப் பார்க்க ஒரு பெண் மூக்கும் முழியுமாக வந்து நின்றாள்.

மேசையில் ஏதோ டிங் என்று விழுந்தது.

அவளுடைய கம்மல். திருகு கழலவில்லை, அப்படியே இருந்தது. திரும்பப் போட்டுக்கொள்ளக் காதைத் தடவினாள். ஓட்டை இல்லை. காது மடலில் மடிப்பும் இல்லை. சோப்பு மாதிரி வழுவழுவென்று இருந்தது. லென்ஸை எடுத்து நாணயத்தைப் பார்த்தாள். காதில் சின்னதாக ஒரு கம்மல். புருவத்தின் மேலே ஒரு தழும்பு, ஏழு வயதில் அவள் ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது வந்தது.

எழுந்து கதவுக் கண்ணாடியில் தன்னைத் தேடினாள். நிழல்தான் தெரிந்தது. மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு மேடு.

"சார், கதவைத் திறங்க."

"கடைசிக்கு நம்பர் போடலையே மேடம்."

"எனக்கு உடம்பு சரியில்ல. திறங்க சார். என் குழந்தை வெளிய இருக்கு."

"குழந்தை சமத்தா இருக்கா. அச்சு அசல் உங்க ஜாடை." கொஞ்சம் நிறுத்தி, "நம்பர் போடுங்க. பேசினது அதானே" என்றார். குரலில் கோபமே இல்லை.

கதவை அடித்தாள். கை வலித்ததுதான் மிச்சம். ஓடி வந்து நாணயத்தை எடுத்து மேசையின் இரும்பு விளிம்பில் வைத்து ஒரு இழு இழுத்தாள். தேய்ந்து ஒழியட்டும் சனியன். தாடையில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. தொட்டுப் பார்த்தாள். ரத்தம்.

அதற்கு மேல் தேய்க்கத் துணிச்சல் இல்லை.

தட்டில் முதல் நாணயம் அவளைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. அகலமான நெற்றி, கீழுதட்டில் ஒரு வெட்டு. எங்கேயோ பார்த்த முகம். பார்த்த முகம் இல்லை, பார்த்திருக்கவேண்டிய முகம். சூடா இருக்கு, பாத்து என்று சொன்ன வாய் அதுதான்.

வெளியே போகவேண்டும். அது ஒன்றுதான் இப்போது முக்கியம். முகம் போனால் போகட்டும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடவேண்டும். முகம் இல்லாவிட்டால் என்ன, அம்மாவைப் பிள்ளைக்குத் தெரியாமலா போய்விடும்? பேனாவை எடுத்தாள். தாடைக்குக் கீழே இருந்த கீறலுக்குக் கழித்திருக்கவேண்டும், கழிக்கவில்லை. எழுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பூட்டு திறந்தது.

அவர் உள்ளே வந்து பன்னிரண்டாவதை ஓரத்தில் பிடித்து எடுத்துக்கொண்டு, "அருமை" என்றார். அவள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள்.

பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கிரயான் கீழே விழுந்தது.

"வாடா கண்ணு, போலாம்."

குழந்தை அவளைத் தாண்டி அறையைப் பார்த்தது. அப்புறம் கதவுக்குப் பின்னால் பார்த்தது. "அம்மா குரல் கேக்குது," என்றாள், வீட்டம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு. "அம்மா எங்க?"

"நான்தான்டா. அம்மாடா."

ஒரு அடி எடுத்து வைத்தாள். பாப்பா வீறிட்டு அழுதாள்.

அவர் குனிந்து நாணயத்தைக் குழந்தையிடம் காட்டினார். அழுகை நின்றது. "அம்மா," என்றாள் பாப்பா, கன்னத்தில் கண்ணீரோடு சிரித்துக்கொண்டு. சட்டைப் பையிலிருந்து அவர் இன்னொன்றை எடுத்தார். மொழுக்கென்று இருந்தது. அதைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மா பக்கத்துல உன்னையும் வெச்சுக்கலாமா? இதைத் தேச்சுப் பாரு."

"தேய்க்காத. பாப்பா, தேய்க்காதடா. கீழ போடு."

முன்னால் பாய்ந்தாள். அவர் கை குறுக்கே வந்து அவளைத் தடுத்தது. வீட்டம்மா குழந்தையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒன்றுமே எழுதாத அந்த முகத்தை லென்ஸ் அக்கா பக்கம் திருப்பினாள்.

அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து, தெரியாத ஒரு பெண்ணைப் பார்க்கிற பயத்தோடு, பாப்பா எட்டிப் பார்த்தாள். நாணயத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சின்னக் கட்டைவிரல் அதன்மேல் மெதுவாக, வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.