வெயிட்டிங் சார்ஜ் தனி!

"ஐயோ... அம்மா...!"

மோட்டார் கொட்டகைக்குள்ளிருந்து கிளம்பிய அலறல் முந்திரித் தோப்பைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்டது.

தங்கசாமி தடுமாறிக்கொண்டு வெளியே வந்தான். வலது புறங்கையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ரத்தம்!

"பிரவீணா... பாம்புடி! ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கையைக் கொண்டு போனேன்... நல்ல பாம்பு... படமெடுத்து நிக்குது!"

கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி பிரவீணா, களைக்கொத்தை எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் சாலையில் இருந்தது அந்த ஊர். அங்கே சாயந்திரம் நாலு மணிக்குத்தான் வயலுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். வந்த மறு நிமிஷம் தங்கசாமி மோட்டார் போடுவான். ஊருக்கே தெரிந்த விஷயம்.

இன்றைக்குப் பாம்புக்கும் தெரிந்திருந்தது!

"யாராச்சும் வாங்களேன்...!" பிரவீணா கதறினாள்.

ரோட்டோரப் புளியமரத்தடியிலிருந்து ஒரு வெள்ளை அம்பாசடர் சீறிக்கொண்டு வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து ராசாங்கம் குதித்தார். தங்கசாமியின் பெரியப்பா மகன். நிலம் இருவருக்கும் கூட்டுப் பட்டா.

"என்ன ஆச்சு என் தம்பிக்கு?"

"பாம்பு கடிச்சிருச்சு மாமா!"

"நல்லவேளை... உடையார்பாளையத்துல முந்திரிக்கொட்டை வெலை பேசப் போயிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சு. தூக்குங்கப்பா! வண்டியில ஏத்துங்க!"

இரண்டு மாதமாய்த் தங்கசாமியிடம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். இன்று ஓடி வந்துவிட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கூட்டம் சேர்ந்துவிட்டது. தங்கசாமியைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அவன் தலை பிரவீணாவின் மடியில்.

"ஜி.எச்.சுக்கு விடுங்கண்ணே!" என்றாள் டிரைவரிடம்.

ராசாங்கம் சட்டென்று திரும்பினார்.

"ஜி.எச்.சா? என் தம்பியைத் தர்மாஸ்பத்திரித் தரையில போடச் சொல்றியா? திருச்சிக்கு விடுய்யா! ஏ.சி. ஆஸ்பத்திரி! லட்ச ரூபா ஆனாலும் நான் கட்டறேன்!"

"மனுசன்னா ராசாங்கம்தான்யா!" என்றது கூட்டம்.

"திருச்சி போக ரெண்டு மணி நேரம் ஆகுமே மாமா! போன வருசம் பாம்பு கடிச்ச முத்தாயியை அரியலூர் ஜி.எச்.லதானே பொழைக்க வச்சாங்க? ஊசி அங்கதான் இருக்கு!"

"காசு செலவாயிரும்னு பயப்படுறியா?"

பிரவீணாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊர் முழுக்க அவளையே பார்த்தது.

கார் பறந்தது.

"பிரவீணா... கண்ணு சொருகுதுடி... எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது..." தங்கசாமியின் நாக்கு குழறியது.

"தூங்காதீங்க! என்னைப் பாருங்க!"

இமைகள் தாமாகவே இறங்கிக்கொண்டிருந்தன.

அரியலூருக்குள் நுழைந்ததும் ராசாங்கம் ஒரு கிளினிக் வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். "நமக்குத் தெரிஞ்ச டாக்டர். ஒரு ஊசி போட்டுக்கிட்டு அப்படியே திருச்சி போயிடலாம்."

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி காருக்கே வந்து குனிந்து பார்த்தார். அடுத்த நொடி கத்தினார்.

"யோவ்! இது சளி காய்ச்சல் பாக்கற எடம்யா! எங்கிட்ட குளுக்கோஸ்தான் இருக்கு! விஷத்துக்கு மருந்து ஜி.எச்.ல இருக்கு. ஓடுங்க!"

"சரிங்க டாக்டர்" என்றார் ராசாங்கம் பணிவாக.

கார் கிளம்பியதும் பணிவு பறந்துவிட்டது.

"நேரா திருச்சிக்கு விடுய்யா."

"மாமா! டாக்டரே சொல்லிட்டாரு!"

"அவரு கெடக்காரு. காசு குடுத்தாத்தான் வைத்தியம். விடுய்யா!"

டிரைவர் அழகேசன் கண்ணாடியில் பிரவீணாவைப் பார்த்தான். பிறகு ராசாங்கத்தைப் பார்த்தான். வாடகை பேசியவர் சொன்னால்தானே வண்டி நிற்கும்?

ஜி.எச். கேட் தெரிந்தது.

நெருங்கியது...

கடந்தது!

பிரவீணா கதவைத் திறந்தாள். ஓடும் காரிலிருந்து ஒரு காலை வெளியே நீட்டினாள்.

"நிறுத்தலேன்னா குதிச்சிருவேன்! ரெண்டு பொணத்தோட திருச்சி போங்க!"

க்ரீச்...!

அழகேசன் மிதித்த மிதியில் ராசாங்கத்தின் நெற்றி டேஷ்போர்டில் மோதியது.

* * *

அவசரப் பிரிவு. டாக்டர் நசீர் தங்கசாமியின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"மூச்சுத் திணற ஆரம்பிச்சிருச்சு. சிஸ்டர், டியூப் எடுங்க! விஷமுறிவு மருந்து... சீக்கிரம்!"

தொண்டைக்குள் குழாய் இறங்கியது. ஒரு நர்ஸ் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சைக் கொடுக்க ஆரம்பித்தாள். குப்பி குப்பியாய் மருந்து டிரிப்ஸில் கலந்தது.

"டாக்டர்... எவ்வளவு ஆகும்?" பிரவீணா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒத்தப் பைசா ஆகாதும்மா. வெளிய உக்காருங்க."

பாம்புக்கடி என்றால் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். போயிற்று. எஸ்.ஐ. குருநாதன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவருக்காகவே காத்திருந்ததுபோல் ராசாங்கம் எழுந்தார். நெற்றியில் புடைப்பு. கண்ணில் கண்ணீர்.

"சார்... இவ மேலதான் எனக்குச் சந்தேகம்! நான் லட்ச ரூபா தரேங்கறேன், திருச்சி வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இங்க வந்து தள்ளிட்டா. போன மாசம்தான் அவன் பேர்ல அஞ்சு லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் போட்டாங்க!"

குருநாதனின் பார்வை பிரவீணா பக்கம் திரும்பியது.

"இன்ஷூரன்ஸ் உண்மையாம்மா?"

"உண்மைதான் சார்... ஏஜென்ட்டு வந்து கேட்டாரு, இவருதான் போட்டாரு..."

"மோட்டார் கொட்டகைக்கு இன்னிக்குக் காலையில போனியா?"

"போனேன். மம்பட்டி எடுக்க..."

"ஆக, நீ போயிருக்கே. பாம்பும் போயிருக்கு."

"சார்! எனக்கு எந்தப் பணமும் வேணாம் சார்! அவரு கண்ணைத் தொறந்து 'என்னடி'ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்!" அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். அழுகிறவள் எல்லாம் நல்லவள் இல்லை என்று பதினெட்டு வருஷ சர்வீஸ் குருநாதனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"ஸ்டேஷனுக்கு வரணும்மா."

அப்போதுதான் வராந்தாவில் குரல் உயர்ந்தது.

"அதெல்லாம் முடியாதுங்க! கணக்கைத் தீத்துட்டுப் பேசுங்க!"

டிரைவர் அழகேசன் ராசாங்கத்தை மறித்துக்கொண்டு நின்றான்!

"யோவ், ஆஸ்பத்திரியில என்னய்யா சத்தம்?"

"நீங்களே நியாயம் சொல்லுங்க சார்! சவாரி அரியலூரோட நின்னுருச்சு. சரி, அதுக்குண்டான வாடகையை மட்டும் குடுங்கன்னேன். குடுத்தாரு. வெயிட்டிங்கு நூறு ரூபா கேட்டா தரமாட்டேங்கறாரு! லட்ச ரூபா குடுக்கறேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னவரு சார்!"

"தரேன்யா, தரேன்! போ!" ராசாங்கம் அவசரமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"இருங்க." குருநாதன் கையைக் காட்டினார். "எந்த வெயிட்டிங்?"

"புளியமரத்தடியில சார்! ரெண்டு மணிலேர்ந்து வெயில்ல காஞ்சேன்."

"பாம்பு கடிச்சது?"

"நாலு மணிக்கு" என்றாள் பிரவீணா. அழுகை நின்றிருந்தது.

"எங்க போறதுக்குய்யா வண்டி பேசினாரு?"

"திருச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் சார். ஒரு பேஷண்ட்ட ஏத்திக்கிட்டுப் போகணும்னு நேத்தே வந்து பேசிட்டாரு. அவசரத்துல கூப்பிட்டா டபுள் ரேட்டு கேப்பீங்கன்னு சொல்லி, நேத்தே அடிச்சுப் பேசிக் கொறைச்சுட்டாரு. ஆனா வெயிட்டிங் சார்ஜ் தனின்னு நான் அப்பவே..."

அழகேசன் பாதியில் நிறுத்தினான். தான் சொன்னது அவனுக்கே இப்போதுதான் உறைத்தது!

குருநாதன் ராசாங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"முந்திரிக்கொட்டை வெலை பேசப் போறேன்னுதானே மாமா சொன்னீங்க?" பிரவீணா மெதுவாக எழுந்தாள்.

ராசாங்கம் ஓடினார்!

நாலு எட்டுகூட வைக்கவில்லை. அழகேசன் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"நூறு ரூபா சார்...!"

குருநாதன் வந்து மறு தோளைப் பிடித்தார். "சொல்லுங்க ராசாங்கம். பாம்பு எங்க வாங்கினது? அதுலயும் பேரம் பேசினீங்களா?"

"கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான் சார்!" ராசாங்கம் வெடித்தார். "நெலத்துக்கு அடியில சுண்ணாம்புக்கல்லு. சிமென்ட் கம்பெனிக்காரன் கொட்டிக் குடுக்கறேங்கறான். இவன் கடலை போடுவேங்கறான்! பாம்புன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு கொட்டகையில விட்டேன்..."

"திருச்சி போற வழியிலயே முடிஞ்சிரும். வேற யாரும் பைக்ல தூக்கிப் போட்டு ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடக்கூடாது, அதுக்குத்தான் காரு ரெடி. லட்ச ரூபாயும் மிச்சம், மகராசன்னு பேரும் மிச்சம்!" மீதியைக் குருநாதனே சொல்லி முடித்தார்.

உள்ளேயிருந்து டாக்டர் நசீர் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, வாங்க. கையைப் பிடிச்சா விரலை அழுத்தறாரு. பேச இன்னும் நேரமாகும். ஆனா பொழைச்சுக்குவாரு."

பிரவீணா ஓடினாள். வாசலில் நின்று திரும்பினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கசங்கிய நூறு ரூபாயை எடுத்து அழகேசன் கையில் வைத்தாள்.

"இந்தாங்கண்ணே. ஒங்க வெயிட்டிங்."

அழகேசன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

ராசாங்கத்தின் கையில் விலங்கு மாட்டிக்கொண்டே குருநாதன் சொன்னார்:

"வருத்தப்படாதீங்க. ஒங்க ஆசைப்படி திருச்சிக்கே கூட்டிட்டுப் போறோம்... சென்ட்ரல் ஜெயிலுக்கு! வண்டியும் ஃப்ரீ, வைத்தியமும் ஃப்ரீ. எத்தனை வருசம் ஆனாலும் வெயிட்டிங் சார்ஜ் கிடையாது!"