சட்டைக் கையில் ஒட்டியது

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த தம்பியை அக்கா "சின்ன மாமா" என்று கூப்பிட்டாள். அந்தக் குடும்பத்தில் பெரிய மாமாவும் கிடையாது, சின்ன மாமாவும் கிடையாது. அம்மா ஒற்றைப் பிள்ளை.

"சின்ன மாமா, இஸ்திரிப் பெட்டி சூடாயிடுச்சா?" என்றாள், அவர் சட்டைக் கையை விட்டுவிட்டு, எதையோ மென்றபடி.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார். அக்கா டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வந்துவிடும் என்பார்கள். இவளுக்கு ஐம்பத்திரண்டில் வந்தது. முதலில் தாழ்ப்பாளை மறந்தாள், பிறகு பொத்தானை, பிறகு தம்பியை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று அவளோடேயே இருந்துவிட்ட மனிதரை இரண்டு வருடமாக ஒரு பேர் சொல்லி அழைக்கவில்லை. "தம்பி" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டால் போதும், அப்புறம் பூமி எக்கேடு கெட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

அவர் வேலை பார்ப்பது மூளை வங்கியில். மிகவும் சுத்தமான வேலை என்று சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டபின் யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. டவுன் சிண்ட்ரோமும் மறதி நோயும் சேர்ந்திருந்தவர்கள் இறந்ததும், அவர்கள் முன்பே சம்மதித்தபடி, மூளை அங்கே வரும். பாதியை ஃபார்மலினில் ஊறப்போடுவார். மறுபாதியை விரல் கனத்துக்கு வில்லை வில்லையாக அறுத்து உறையவைப்பார். புது மூளை வெண்ணெயைவிடக் குழைவு. கத்தியோரம் பிசிறு ஒட்டும். பிசிறெல்லாம் மஞ்சள் வாளிக்குப் போய், அங்கிருந்து நெருப்புக்குப் போக வேண்டும்.

அன்று மத்தியானம் அறுத்த மூளைக்குரியவர், இருபத்தாறு வருடம் ஒரு சலவைக்கூடத்தில் துணி தேய்த்தவர். கோப்பில் அப்படித்தான் இருந்தது. வளர்த்தவர்: சின்ன மாமா.

அவர் தன் சட்டைக் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு ஈரத் தடம். அக்காவுக்கு நோய் விட்டுவைத்த பழக்கம் ஒன்று உண்டு: தம்பி சட்டையில் நூலோ பிசிறோ கண்டால் கிள்ளி எடுத்துவிடுவாள். நோய் புதிதாகச் சேர்த்த பழக்கமும் ஒன்று உண்டு. கையில் கிடைத்தது எதுவானாலும் வாய்க்குப் போகும்.

குளியலறைக்கு ஓடிக் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தார். வாந்தியெடுத்துக்கொண்டே, ஒரு பிசிறுக்கே இவ்வளவு தெளிவாகப் பேசினாளே என்று யோசித்தார். அந்த யோசனைதான் வாந்தியைவிட அசிங்கம். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் சட்டைப் பையில் ஒரு குட்டிச் சீசா இருந்தது.

வங்கியின் தலைமை டாக்டரம்மாவுக்குக் கண் கூர்மை. "என்னய்யா, வாளி இப்பல்லாம் காலியாவே கிடக்கு?"

"கத்தி புதுசு மேடம். பிசிறு வர்றதில்ல."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா சாப்பிடறாங்க மேடம்."

அதில் பொய் இல்லை. சாயங்காலமானால் சன்னலோர நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பச்சை இரும்பும் பழைய முட்டையும் கலந்தாற்போன்ற வாடை அவள் மூச்சில் ஏறி, தலையணையில் ஏறி, கடைசியில் அவர் குடிக்கும் தண்ணீரிலும் ஏறியது. சீசாவைத் தட்டி அந்தச் சாம்பல் கூழைக் கரண்டியில் எடுக்கும்போதெல்லாம் அது வழவழவென்று ஒரு பக்கம் சாய்ந்து, உதடு பட்டதும் தானே உள்ளே வழுக்கிப் போவதுபோல அவருக்குத் தோன்றியது. விழுங்கியதும் அக்கா பேசுவாள். ஒருநாள் ரயிலுக்குக் கையாட்டுகிறவள். ஒருநாள் அப்பா அடித்த கன்னத்தைத் தடவிக்கொள்கிறவன். யார் யாருடைய அழுகையோ அவள் கண்ணில் வந்தது. தம்பி என்று மட்டும் வாயில் வரவில்லை. அடுத்த மூளையில் வரும், அடுத்ததில் வந்துவிடும் என்று, லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் மாதிரி, அவர் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்.

பதினேழாம் நாள் அக்கா கரண்டியைத் தள்ளிவிட்டாள்.

"போதும். உள்ள ஒரே கூட்டம்."

"இன்னும் ஒரே ஒரு வாய்."

"எல்லாரும் இருக்காங்க. என் தம்பி இல்ல."

அவர் தரையில் சரிந்து உட்கார்ந்தார். "நான்தான்கா. நான்தான் உன் தம்பி."

அவள் குனிந்து பார்த்தாள். முகத்தை இல்லை. நெற்றியை, நெற்றிப்பொட்டை, காதை. பிசிறு தேடுகிற அதே பொறுமை.

"இதுக்குள்ளயா இருக்கான்?"

ஆமாம் என்றார். வேறென்ன சொல்வார்.

அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். கை மெத்தென்றிருந்தது. மூச்சு நாறியது. காதின் மேல் உதடு பதிந்தது. இளஞ்சூடு. நாக்கு. உள்ளே ஏதோ குழைந்து, நகர்ந்தது. வலி இல்லை. ஒரு வலியுமே இல்லை.

உறிஞ்சும் சத்தம்.

சன்னல் தெரிந்தது. அதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

மறுபடி சத்தம். ஒரு மடக்கு.

"தம்பி," என்றாள் அவள், நிறைந்த வாயோடு. சொந்தக் குரல். "தம்பி, எப்படா வந்த? சாப்பிட்டியா?"

அவர் தலையைத் திருப்பி, மோவாயில் சாம்பல் வழியச் சிரிக்கும் அந்த அம்மாளை மரியாதையாகப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார். "நீங்க யாருன்னு தெரியலயே."

அவள் அவர் தலையை மெல்லத் திருப்பி, அடுத்த காதை மேலே கொண்டுவந்தாள்.