மும்மணி மூட்டை

வெள்ளக்கோவிலில் காலை ஏழு மணிக்கு மாடுகள் கடைக்குப் புறப்பட்டுவிடும். பிடித்துக்கொண்டு போக ஆள் வேண்டியதில்லை. தானே படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, சாலையில் வண்டிகள் நிற்கும்வரை காத்திருந்து, தீவனத் தெருவில் இறங்கும். நான்கு கடைகளைத் தாண்டி ஐந்தாவது கடைத் தொட்டியில் தலையை விடும். கழுத்துத் தோலுக்கடியில் பதித்த தேர்வுச்சில்லு, எந்த மாடு எந்தக் கடையில் எவ்வளவு தின்றது என்பதைக் குறித்துக்கொள்ளும். மாட்டுக்காரர் காப்பி குடித்துச் செய்தி பார்த்து முடிப்பதற்குள் மாடு வயிறு நிறைந்து வீட்டில் வந்து படுத்திருக்கும்.

மாடு எதைத் தின்ன வேண்டும் என்று மனிதர்கள் முடிவு செய்துகொண்டிருந்த காலமும் ஒன்று இருந்தது. எந்தக் கம்பெனி காலண்டர் கொடுத்ததோ, எந்த மூட்டையோடு பிளாஸ்டிக் வாளி இலவசமோ, அதுவே மாட்டுக்கு நல்ல தீவனம். மாட்டை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அதற்கு வழியில்லை. தேர்வுச்சில்லு வந்தபின், தானே தேர்ந்து தின்கிற மாடு கால்பங்கு கூடுதலாகக் கறக்கிறது என்று தெரிந்தது. உடனே சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். 'உண்பவரே நுகர்வோர்' என்பது புதுச் சட்டத்தின் பெயர். தின்கிறவர் யாரோ அவர்தான் வாடிக்கையாளர், வாங்கிக் கொடுக்கிறவர் அல்ல. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

அந்த நியாயம் போய் முட்டிக்கொண்ட இடம் வணிகக்குறிப் பதிவகம். ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கிலிருந்து வாடிக்கையாளர் பிரித்து அறியத்தான் வணிகக்குறி. வாடிக்கையாளர் மாடு என்றால், குறி மாட்டுக்குப் புரிய வேண்டும். மாட்டுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்துப் பார்க்கவும் வராது. ஆகவே தீவன மூட்டைகளுக்கு வாய் முளைத்தது. சாக்கின் வாய்த்தையலில் ஒலியிழை என்று ஒரு நூலைச் சேர்த்துத் தைத்தார்கள். யாராவது நெருங்கினால் அந்தக் கம்பெனிக்குரிய ஓசை எழும்பும். ஒரு மூட்டை குயில் போலக் கூவும், ஒரு மூட்டை புல்லாங்குழல் ஊதும். சென்னியப்பனின் மூட்டை மூன்று முறை மணி அடிக்கும்.

சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. உழைப்பாளி, முன்கோபியும்கூட. கண்ணபுரம் சாலையில் அவரும் மனைவி நாகமணியும் பதினான்கு பேரை வைத்துத் தீவன ஆலை நடத்தினார்கள். கம்பு, கொள்ளு, தவிடு, எள்ளுப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் வெல்லப்பாகு: அவ்வளவுதான் அவர் தீவனம். பதினோரு வருடமாக மூன்று மணி அடித்துக்கொண்டிருந்தார், ஆனால் அந்த மணியைப் பதிவு செய்யவில்லை. யார் நம்மைக் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம். நம் ஊரில் சிறு ஆலைக்காரர்கள் பாதிப்பேருக்கு இந்த எண்ணம் உண்டு, கேட்கிற நாள் வரும்வரை.

அந்த நாள் அந்த வருடம் வந்தது. பதிவு செய்யாத குறியோடு தீவனத் தெருவில் கடை போடக்கூடாது என்று உத்தரவு. சென்னியப்பன் அவசரமாக விண்ணப்பித்தார். படிவத்தை வாசித்த நாகமணிக்கு ஒரு சந்தேகம். முப்பத்தொன்றாம் வகுப்பு என்று போட்டு, தானியம், காய்கறி, பழம், பூ, விதை, கால்நடைத் தீவனம் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். நாம் தின்கிற கத்திரிக்காயும் மாடு தின்கிற புண்ணாக்கும் ஒரே வகுப்பா என்று கேட்டாள். சர்க்காருக்கு எல்லாம் தீனிதான், நீ கையெழுத்தைப் போடு என்றார் அவர்.

விண்ணப்பம் வெளியானதும் ஆட்சேபம் வந்தது. ஆட்சேபித்தவர்கள் வான்மடி நிறுவனத்தார். எட்டு மாநிலங்களில் தீவனம் விற்கிறவர்கள். அவர்கள் மூட்டை நான்கு முறை மணி அடிக்கும். மூன்று மணியும் நான்கு மணியும் மாட்டுக்கு ஒன்றுபோலக் கேட்கும், வாடிக்கையாளர்கள் ஏமாறுவார்கள் என்பது அவர்கள் வாதம். அது எடுபட்டால் சென்னியப்பனுக்கு மணி போகும், மணி போனால் தெருவில் இடம் போகும், இடம் போனால் ஆலையைச் சாத்த வேண்டியதுதான். மனிதர் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ராகிக்களியைப் பார்த்தால் உருண்டை பிடிக்கிறவர், பார்த்துவிட்டு எழுந்து போனார்.

விசாரணை பதிவகத்தின் பின்புறக் கொட்டகையில். பதிவு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தேர்வாளர் ஒரு எந்திரம். நிமிர்ந்த கம்பத்தில் இரண்டு கண்ணாடிக் கண்ணும் ஒரு குரலும். மூக்கும் நாக்கும் அதற்கு வைக்கவில்லை, பாரபட்சம் வந்துவிடும் என்று. சோதனை எளியது. ஒரு வருடமாகச் சென்னியப்பன் தீவனத்தையே தின்றுவரும் ஒன்பது மாடுகளைச் சில்லுப் பதிவைப் பார்த்துத் தேர்வாளரே அழைத்திருந்தார். எதிரே வாய் திறந்த இரண்டு மூட்டைகள், ஒன்று மூன்று மணி, மற்றது நான்கு மணி. மாடுகள் மூன்று மணிக்குப் போனால் குழப்பம் இல்லை, பதிவு உண்டு. நான்கு மணிக்குப் போனால் குழப்பம் உண்டு, பதிவு இல்லை.

மாதிரி மூட்டை இரண்டையும் கொண்டுவருவது விண்ணப்பதாரர் பொறுப்பு. சரியாக இருபத்தைந்து கிலோ இருக்க வேண்டும் என்று விதி. சந்தையில் வாங்கிய வான்மடி மூட்டையும் தங்கள் மூட்டையும் முப்பது கிலோ இருந்ததால், இரண்டையும் குறைத்துத் தைக்கும்படி நாகமணி காலையில் ஆலையில் சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள். ஆலைக்காரர்கள் இரண்டையும் தார்ப்பாயில் கொட்டி, எடை போட்டு, அள்ளித் தைத்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

முதல் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு மூட்டைக்கும் நடுவில் வந்து நின்றது. ஒரு பக்கம் மூன்று மணி, ஒரு பக்கம் நான்கு மணி. மாடு கழுத்தை நீட்டி இங்கே ஒரு மூச்சு, அங்கே ஒரு மூச்சு இழுத்தது. பிறகு நேராக நான்கு மணி மூட்டைக்குப் போய்த் தின்ன ஆரம்பித்தது. சென்னியப்பன் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மாடும் அங்கேயே போனது. ஒன்பதாவது மாடு போனபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வான்மடியின் பிரதிநிதி தியாகேசன் நல்ல சட்டை போட்ட மனிதர். ஒன்பது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

விண்ணப்பதாரரின் மாதிரி கெட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டா என்று தேர்வாளர் கேட்டார். அந்தக் கேள்வி சென்னியப்பனைச் சுருக்கென்று தைத்தது. குறியைக் குறை சொல்லலாம், சரக்கைக் குறை சொல்லலாமா? விறுவிறுவென்று போய் மூன்று மணி மூட்டையில் ஒரு கை அள்ளினார். முகர்ந்தார். ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"என்ற சரக்குங்க இது. கொள்ளு வாசம் கமகமன்னு வருது. கண்ணக் கட்டி உட்டாலும் சொல்லிப்போடுவனுங்க."

தியாகேசன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எதிராளி மென்றுகாட்டிய பிறகு சும்மா இருப்பது எப்படி? அவரும் நான்கு மணி மூட்டையில் சிட்டிகை எடுத்து மென்று விழுங்கினார். எங்கள் ஆய்வுக்கூடத்துப் பக்குவம் இது, இந்தத் தரம் சிறிய ஆலைகளில் வராது என்றார்.

நாகமணி அதற்குள் மாடுகளுக்கு நடுவில் புகுந்துவிட்டாள். அவளுக்கு ஒன்பது மாட்டையும் முகம் தெரியும். இவ்வளவு நாள் தன் தொட்டியில் தின்றவை ஒன்றுகூடத் தயங்காமல் திரும்பிப் போனது அவளுக்குப் பொறுக்கவில்லை. நான்கு மணி மூட்டைக்குள் கையை விட்டாள். கையில் வந்தது உடைத்த கொள்ளு. கண்ணை மூடி ஒரு வாய் மென்றாள். பிறகு மூன்று மணி மூட்டையைப் பார்த்தாள். அதில் கொள்ளு ஒரு மணிகூட இல்லை, பச்சையாய் ஏதோ உருட்டிய குச்சி. அப்போதுதான் அவளுக்குக் காலை விஷயம் புரிந்தது. எந்தத் தீவன ஆலையிலும் சாக்கின்மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எந்தக் கம்பெனிச் சாக்காக இருந்தாலும் துவைத்துக் காயவைத்துத் திரும்ப அள்ளுகிறவர்களுக்குச் சாக்கு வெறும் சாக்குதான். கைக்கு எட்டிய சாக்கில் அள்ளித் தைத்திருக்கிறார்கள்.

சொன்னால் கட்டியவருக்குச் சபையில் தலைகுனிவு. சொல்லாவிட்டால் ஆலை போய்விடும். நாகமணி கணவரைப் பார்த்தாள், அவர் இன்னொரு சிட்டிகையை வாயில் போட்டு ரசித்துக்கொண்டிருந்தார்.

"தேர்வாளரய்யா, மூட்ட மாறிப்போச்சுங்க. மாடு திங்கறதுதான் எங்க தீவனம். அவுரு மென்னது வான்மடிதுங்க."

சென்னியப்பன் மெல்லுவதை நிறுத்தினார். தியாகேசன் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். மூட்டையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சோதனைப் பெட்டியில் மாதிரிகளைப் போட்டதில் நாகமணி சொன்னது உண்மை என்று மூன்று நிமிடத்தில் தெரிந்தது. சென்னியப்பனுக்கு வெட்கத்தில் காது சிவந்துபோனது. பதினோரு வருடம் தன் கையால் கலந்த சரக்கு. அதை ஒன்பது மாடும் கண்டுகொண்டன, அவரால் முடியவில்லை. மாடுகள் ஏமாறவில்லை என்றால் பதிவு உண்டுதானே என்று மெல்லக் கேட்டார்.

இல்லை என்றார் தேர்வாளர். மாடுகள் எந்த மணியையும் சட்டை செய்யவில்லை. முகர்ந்து பார்த்தன, தின்றன. மாட்டைப் பொறுத்தவரை மூன்று மணியும் நான்கு மணியும் வணிகக்குறியே அல்ல. சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். ஆனால் தேர்வாளர் இன்னும் முடிக்கவில்லை.

"இந்தக் கொட்டகையில் குறியை மட்டும் நம்பித் தின்றவர்கள் இருவர் இருந்தார்கள். கண்ணும் மூக்கும் நாக்கும் வேறு சொன்னபோதும் அவர்கள் மூட்டையைத்தான் நம்பினார்கள். மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் அவர்களுக்குக் குழப்பமே வரவில்லை. ஒரு வணிகக்குறி செய்ய வேண்டிய வேலையை இது குறைவின்றிச் செய்கிறது. உண்பவரே நுகர்வோர். நீங்கள் இருவரும் உண்டீர்கள். ஆட்சேபம் தள்ளுபடி, குறி பதிவு செய்யப்படுகிறது."

சான்றிதழ் அங்கேயே அச்சாகி வந்தது. சென்னியப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வண்டியில் ஏறியபின் நாகமணிதான் அதை முழுதாக வாசித்தாள். வகுப்பு: முப்பத்தொன்று. குறி: மூன்று மணியொலி. நுகர்வோர்: மனிதர்.

அந்தக் கடைசி வரிக்கு என்ன பொருள் என்பது மறுநாள் புரிந்தது. மனிதரை நுகர்வோராகக் கொண்ட சரக்குக்குத் தீவனத் தெருவில் இடமில்லை. மக்கள் கடைவீதியில், அரிசிக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவில் ஒரு கடையை ஒதுக்கியிருந்தார்கள். சென்னியப்பன் பதிவகத்துக்கு ஓடினார். ஒரே வகுப்புதான், சோதனைப் பெட்டியும் மனிதர் தின்னத் தகும் என்று சொல்லிவிட்டது, ஆட்சேபம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. புண்ணாக்கை எந்த மனுசன் வந்து வாங்குவான் என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆலையை மூடுகிற நாளை நாகமணி மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் மூட்டை அருகில் வந்தார். மணி மூன்று முறை அடித்தது. பதிவு பெற்ற குறியா என்று கேட்டார், சான்றிதழைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். அது என்ன, எப்படித் தின்பது என்று கேட்கவில்லை. ஒரு வாரத்தில் வரிசை நின்றது. மும்மணி தின்றால் முழங்கால் வலி போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான்கு மணி மூட்டை வேண்டாம், அது போலி என்றும் சொல்லிக்கொண்டார்கள். சென்னியப்பன் நேர்மையான ஆள். வருகிறவர்களிடமெல்லாம் இது மாட்டுத் தீவனமாக இருந்ததுங்க, ஒரு சிட்டிகை மென்று பார்த்து வாங்குங்க என்று சொல்லிப் பார்த்தார். எதற்கு, மணிதான் அடிக்கிறதே என்றார்கள். அவர் மட்டும் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு தன் தீவனம் ஒன்று, வான்மடி ஒன்று என இரண்டு கிண்ணங்களிலிருந்து எடுத்து மென்று பார்க்கிறார். எது தன்னுடையது என்று இன்னமும் சில நாட்களில் தவறாகத்தான் சொல்கிறார்.

ஒன்பது மாடுகளும் மூன்றே நாளில் புது இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. மக்கள் கடைவீதியில் மாட்டுக்கு விற்க அனுமதி இல்லை. ஆனாலும் அவை வந்து வரிசையில் நின்றன. ஒரு நாள் காலை, முன்னால் நின்ற செவலைப் பசு திறந்திருந்த மூட்டையில் மூக்கை வைத்து நன்றாக ஒரு மூச்சு இழுத்தது. பின்னால் பை வைத்துக்கொண்டு நின்ற அம்மாள் முகம் சுளித்தார். அவர் நாகமணியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அது மோந்து பாத்துப்போட்டுது. எனக்கு யாரும் மோந்து பாக்காத மூட்டையாக் குடுங்க."