வண்டிக்குப் பழகின கால்

பெரியவர் வீட்டுக்கு வந்த டாக்டரம்மா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, தன் டிரைவரை வேலையை விட்டு அனுப்பப் போவதாகச் சொன்னார். லீவு முடிந்து அவன் அன்றுதான் திரும்பியிருந்தான். காலையில் ஏறினால், வண்டி கியர் மாறாமல் உறுமிக்கொண்டு பாய்கிறதாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஓட்டுகிறவன் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும், டிரைவர் இத்தனை நாளும் நமக்குத் தெரியாமல் தறிகெட்டு ஓட்டியிருக்கிறான் என்று கணவர் விளக்கினாராம்.

"லீவுல யார் எடுத்தாங்க?" என்றார் பெரியவர்.

"யாரும் இல்ல, ஷெட்லதான் நின்னுச்சு. எனக்கு ஓட்டத் தெரியாது. வலிப்பு வந்ததுல இருந்து என் வீட்டுக்காரரையும் வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டேன்."

பெரியவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்தே நரைத்தவர். பெற்ற தாய் சொன்னாலும் இன்னொரு ஆளிடம் விசாரிப்பார். கூட இருந்த மருமகனுக்கு அந்தப் பொறுமை ஏது?

"வண்டி பொய் சொல்லுமா மாமா? டிரைவர்தான்."

"வண்டி சொல்லாது மாப்ளே. அதுக்கு அர்த்தம் சொல்றவன் சொல்லுவான்."

டாக்டரம்மா வீட்டு ஷெட்டில் போய்ப் பார்த்தார்கள். வெளியே மாலை வெயில்; வண்டிக்குள் இருந்த கடிகாரமோ விடியற்காலை என்றது. பெரியவர் பானட்டைத் திறந்தார். பேட்டரி புத்தம் புதிது. அந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, டாக்டரம்மா, கணவர், டிரைவர் மூவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். டிரைவர் கதவோரமே நின்றுகொண்டான்.

"சாவிய யார்கிட்ட குடுத்துட்டுப் போனே?"

"ஐயாகிட்டதான்."

"வருஷக்கணக்கான பழக்கம், வண்டியில ஊறிக் கிடக்கு" என்றார் கணவர்.

"ஊறலீங்க, கழுவியாச்சு. கியர்பாக்ஸ் கத்துக்கிறது, ஆக்சிலேட்டரை மிதிக்கிற விதத்தைப் பாத்து கியர் மாத்துற நேரத்தைத் திருத்திக்கிறதுதான். இந்த வண்டியில பேட்டரியக் கழட்டினா அது மறந்துடும், கடிகாரமும் தப்பிடும். மறுபடி முதல்லேருந்து கத்துக்கும். டிரைவர் லீவுல போனதுக்கு மறுநாளே நீங்க கூப்பிட்டுப் புது பேட்டரி போட்டதா மெக்கானிக் சொல்றார். இப்ப அதுல இருக்கறது அதுக்கப்புறம் மிதிச்ச கால். ஷெட்ல சும்மா நிக்கிற வண்டிக்கு என்ன அவசரம், பேட்டரி மாத்த?"

  சும்மா கொஞ்ச தூரம்தான் ஓட்டினேன் என்று கணவர் முனகினார்.

"நடுரோட்டுல வலிப்பு வந்திருந்தா?" என்றார் டாக்டரம்மா. மேஜை மேலிருந்த சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். அவன் உடனே கை நீட்டவில்லை. நீட்டியபோது மெதுவாகச் சொன்னான்:

"வண்டி ரெண்டு நாள்ல என் காலுக்குப் பழகிடும்மா. எனக்குத்தான் கொஞ்சம் ஆகும்."